முட்டைக் கணக்கு

சனி ஞாயிறுகளில் நான் பொய் சொல்கிறேன்.
கானாடுகாத்தானில், ஓட்டலாகிவிட்ட ஒரு வீட்டில்.
சுற்றிக்காட்ட நாளொன்றுக்கு அறுநூறு,
மதியச் சாப்பாடு உண்டு.

"இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்" என்பேன்.
தொடுவார்கள்.
"முட்டை வெள்ளைக்கரு" என்பேன்.
தொட்ட கையை முகர்ந்தும் பார்ப்பார்கள் சிலர்.
சேர்ந்த புதிதில் ஆயிரம் முட்டை என்றுதான் சொன்னேன்.
போன மாசி மாதம் கவனித்தேன்,
அது லட்சமாகியிருந்தது.

திங்கள் முதல் வெள்ளிவரை
காரைக்குடியில் முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு.
அங்கே வாயைத் திறந்தால்
"சான்று?"
பதினொரு பேரில் எட்டுப் பேர்
குரூப் டூவுக்கும் படிக்கிறோம்.
அந்தத் தேர்வில் நான்கில் ஒன்று சரி.
இந்தத் தேர்வில்
நான்கையும் எழுதியது யார், எதற்காக
என்று கேட்க வேண்டும்.
பஸ்ஸில் வரும்போது இரண்டும் குழம்பும்.

ஆய்வேட்டுக்காகப் பள்ளத்தூரில்
ஒரு வீட்டைத் திறந்துவிட்டார்கள்.
மூன்றாங்கட்டில், உடைந்த தொட்டிலுக்குப் பின்னால்
வீடு கட்டிய கணக்கு.
கரையான் படித்தது போக
மிச்சம் இருபத்திரண்டு பேரேடு.

எ என்று இருந்தால் ஏழு.
அ என்று இருந்தால் எட்டு.
முதல் வாரம் பிள்ளையார்சுழியையும்
இரண்டென்று சேர்த்துக் கூட்டினேன்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் உதைத்தது.
செட்டியார் திருடியதைக் கண்டுபிடித்துவிட்டதாக
ரஹ்மத் நிஷாவுக்குப் போன் செய்தேன்.
இன்னும் சிரிக்கிறாள்.

கிளிஞ்சல், வண்டி நாற்பது.
கடுக்காய், மூட்டை ஒன்பது.
கருப்பட்டி, தேக்கு, ஆணி,
ஆணி வாங்கப் போனவனுக்கு மோர்.
நான்கு வருஷம் புரட்டி
ஒரே ஓர் இடத்தில் முட்டை கிடைத்தது.
குரோதன வருஷம், ஆவணி எட்டு.
"முட்டை பன்னிரண்டு.
எஞ்சின் பூட்ட வந்த துரைக்கு."

தின்றுவிட்டுப் போயிருக்கிறான்.

"இதனால் என்ன நிரூபணமாகிறது?" என்றாள் நிஷா.
"முட்டையைக் கொத்தனாரே வாங்கியிருப்பான்,
கூலியோடு சேர்த்து எழுதியிருப்பார்கள்.
இல்லை என்பதற்கும் சான்று வேணும்டி."
சரிதான். கூலிப் பக்கத்துக்குப் போனேன்.

கொத்தனாருக்குப் பேர் இருந்தது, வெள்ளையன்.
எஞ்சினுக்குப் பேர் இருந்தது.
வண்டி மாட்டில் ஒன்றுக்குக்கூட மயிலை என்று இருந்தது.
சுவரை வழவழப்பாகத் தேய்த்த இடத்தில் மட்டும்
"பெண் ஆள் 14."
மறுநாள், "பெண் ஆள் 14."
அதற்கு மறுநாள் 13.
அந்த ஒருத்திக்கு என்ன ஆயிற்று என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

என் அம்மா இப்போது புதுவயலில்
கல்யாண மண்டபம் ஒன்றுக்குச் சாந்து சுமக்கிறாள்.
மேஸ்திரியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன்.
பெ. 6.
என்னடி தேடுற என்றாள்.
சும்மா என்றேன்.

போன சனிக்கிழமை
கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று.
சின்னப் பையன் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு
"எத்தனை முட்டை அக்கா?" என்றான்.
"பன்னிரண்டு."
எல்லாரும் சிரித்தார்கள்.
நல்லா பேசுறீங்க என்று அவன் அப்பா
நூறு ரூபாய் தனியாகத் தந்தார்.

வாங்கிக்கொண்டேன்.
ஆனால் பன்னிரண்டு, பள்ளத்தூர் வீட்டுக் கணக்கு.
பையன் கன்னம் வைத்திருந்த சுவருக்கு
என்னிடம் ஒரு காகிதமும் இல்லை.