ஈரிதழ் வால்வு

கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம்.
வகுப்பறையில் இணையம்:
இடது கட்டத்தில் நன்மை, வலது கட்டத்தில் தீமை.
வெள்ளி மாலைக்குள் வேண்டுமாம்.
கட்டம் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம்.

செல்லம்பட்டி தாண்டி எங்கள் பள்ளிக்கு
ஆனி மாதம் வந்தது அந்த அகலப் பலகை.
தொட்டால் எழுதும், தட்டினால் பேசும்.
சத்துணவுக்கூடத்துப் புகை திசை மாறினால்
சிக்னல் போய்விடும் என்று
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு நம்புகிறது.
நானும் பாதி நம்புகிறேன்.

முதலில் கட்டுரை விஷயம்.
'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தார் தமிழம்மா.
பதினோரு பேர் நோட்டில்
ஒரே ஆறு, ஒரே கோபுரம், ஒரே 'பெருமைமிகு'.
எங்கள் ஊரில் ஆறே இல்லை.
ஐம்பத்தெட்டு கிராமக் கால்வாய் உண்டு,
அதில் தண்ணீர் வந்தால்
பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்போம்.
முத்தீஸ்வரன் கடைசி வரியையும் விடவில்லை:
'மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்.'
பிழையில்லாமல் எழுதியதற்காக
அதற்கும் அரை மதிப்பெண் விழுந்திருந்தது.

புதன்கிழமை நான்காம் பாடவேளை. இதயம்.
பத்தொன்பது வருடமாய்
மாங்காய் போல ஒன்றை சாக்பீசில் வரைந்தவன் நான்.
சிவப்பு தீர்ந்தால் ஆரஞ்சு.
அன்று பலகையில் அது அடித்தது.
சின்னக் கதவுகள் திறந்தன, மூடின.
லப் என்றது. டப் என்றது.
கடைசி பெஞ்ச் தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தது.

ரத்தம் மேலேறும் சமயம் பார்த்து
ரம்மி விளம்பரம்.
சோபாவில் சாய்ந்தபடி ஒருவன் லட்சம் ஜெயித்தான்.
ஐந்தே நொடி.
அதற்குள் ஆட்டத்தின் விதியைச்
சொல்லி முடித்துவிட்டான் அழகர்ராஜா.

பிறகு பாண்டிமீனா எழுந்தாள். எழாதவள்.
"சார், ஈரிதழ் வால்வும் மிட்ரலும் ஒண்ணா?"
ஒண்ணுதான். எங்கே பார்த்தே?
"பெரியாஸ்பத்திரி சீட்டுல. அம்மாவுக்கு."
கொஞ்சம் நின்று,
"தேடிப் பாக்கலாமா சார்?"

வேண்டாம் என்பதற்குக் காரணம் இருந்தது,
வாய் வரவில்லை.
அவளே வந்து தட்டினாள், எழுத்தெழுத்தாய்.
'ட்' என்ற இடத்தில் 'ற்' விழுந்தது.
அழித்தாள். மறுபடி தட்டினாள்.

முதல் வரியில் ஓர் எண் வந்தது.
வருடக் கணக்கு.

நானாக இருந்தால் இருமியிருப்பேன்,
தண்ணீர் குடித்திருப்பேன்,
'ஆளுக்கு ஆள் மாறும்மா' என்று
எங்கேயோ தொடங்கியிருப்பேன்.
அதற்குத் தொண்டை கிடையாது.
ஆறில்லாத ஊருக்கு ஆறு கொடுத்த அதே கையால்
எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு வைத்தது,
முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பார்க்க.

ஏழெட்டு வரி கீழே இருந்தது இன்னொன்று:
நெஞ்சைப் பிளக்காமல்
பலூன் விட்டு விரிக்கவும் வழியுண்டு,
காப்பீட்டு அட்டை இருந்தால் கேட்டுப் பாருங்கள்.
அதுவரை இறங்கியவள் அவள் ஒருத்திதான்.
நாங்கள் எல்லோரும் எண்ணிலேயே நின்றுவிட்டோம்.

ரஃப் நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டாள்.
பேனா ஓடவில்லை,
இரண்டு முறை உதறினாள்.
புகை திரும்பியது.
'இணைப்பு இல்லை' என்றது பலகை.
மணி அடிக்கும்வரை யாரும் சத்தம் போடவில்லை.
அழகர்ராஜா, அவனும்.

வியாழன் அவள் வரவில்லை. வெள்ளியும்.
அம்மாவைக் கூட்டிக்கொண்டு
மதுரைக்குப் போயிருக்கிறாள் என்கிறான் முத்தீஸ்வரன்.
இல்ல சார், மல்லி எடுக்கப் போறா என்கிறது
மூன்றாம் பெஞ்ச்.

மணி நாலு. படிவம் எங்கே என்று போன் வந்தாயிற்று.
இடதில் எழுதினேன்:
இதயம் துடிப்பதைக் கண்டனர்.
வலதில்: விளம்பர இடையூறு.
நடுக்கோட்டின்மேல் கொஞ்ச நேரம்
பேனா நின்றது.
அது மெலிந்த கோடு,
ஒரு பெயருக்கு இடம் பற்றாது.

கையொப்பம். பள்ளி முத்திரை. நாள்.
மை காயுமுன் மடித்துவிட்டேன்.
இடதில் இருந்தது கொஞ்சம்
வலதில் ஒட்டிக்கொண்டது.