வலது கம்பி

பன்னிரண்டு தடங்களை இரண்டு கம்பிக்குள் அனுப்புவதுதான்
கடைசி வேலை.
பம்பை இடப்பக்கம், உடுக்கை வலப்பக்கம்,
கோரஸ் பெண்களைப் பிரித்து இரு ஓரத்திலும் நிறுத்தி,
நட்டநடுவில் நாகவேணி.

பழையபேட்டையில் டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேலே என் அறை.
ஸ்பீக்கர்கள் உட்கார்ந்திருப்பது கிரானைட் பலகைமேல்.
கப்பலேற வேண்டிய கல்,
மூலை உடைந்ததால் எனக்கு வந்தது.
கீழே காற்றடிக்கும் மிஷின் ஓயட்டும் என்று காத்திருந்து
ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பித்தேன்.

மிக்சரிலிருந்து கணினிக்கு இடது ஒன்று, வலது ஒன்று.
வலது கம்பியைப் பற்றவைத்தவள் நான்தான்,
கரண்ட் போன ஒரு நாள், இன்வெர்ட்டர் தயவில்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.

பொத்தான் சிவந்தது.
நாலு நிமிடம் இருபத்திரண்டு நொடி
விரல்கள் ஃபேடரை விட்டு எழவில்லை.
இரண்டாம் சரணத்தில் பம்பையைக் கொஞ்சம் இறக்கினேன்
(திம்மராயன் பக்கத்தில் இருந்தால் சண்டைதான்).
முடிவில் உடுக்கை மைக்கில் மாட்டியிருந்த
லாரி ஹாரனை, வாலோடு வெட்டினேன்.

போட்டுக் கேட்டேன்.
அறை பெரிதாகியிருந்தது.
குரல் நடுவில் இல்லை, எங்கும் இருந்தது,
காதுக்குப் பின்னால்கூட.
என்னை நானே மெச்சிக்கொண்டு
பென்டிரைவில் ஏற்றினேன்.

காவேரிப்பட்டணம். கூழ் ஊற்றும் நாள்.
மாதப்பன் சவுண்டு சர்வீசில்
இடதும் வலதும் ஒரே முடிச்சு,
புளியமரத்தில் நாலு கூம்பு.
ராத்திரி போன் வந்தது:
"மேடம், எல்லாரும் கேக்குறாங்க. என்னைத்தான் காணோம்."

பம்பை இருந்ததாம், உடுக்கை இருந்ததாம்.
அவள் வரவேண்டிய இடத்தில்
அடுத்த தெருவில் யாரோ பாடுவதுபோல
எதிரொலி மட்டும்.

அலையை இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன்.
நொடியில் நூறில் ஒரு பங்கு, திரை முழுக்க.
இடது தடத்தில் ஒரு குன்று.
வலதில் அதே இடத்தில்
அதே அளவு பள்ளம்.

கே.ஆர்.பி. அணையில் காற்றில்லாத காலையில்
மலையையும் தண்ணீரில் தலைகீழ் மலையையும்
போட்டோ எடுத்திருக்கிறேன்.
இரண்டையும் கூட்டிப் பார்த்ததில்லை.
கூட்டினால் சைபர்.
ஓரத்தில் நின்றவர்கள் தப்பித்தார்கள்,
நடுவில் நின்றவள் மொத்தமும் சைபர்.

கம்பிக்குள் இரண்டு முனைகள் இடம் மாறியிருந்தன.
ஈயம் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது.

மறுபடி பதியத் தேவையில்லை.
வலது தடத்தைப் பிடித்துக் கவிழ்த்துப்போடச் சொன்னேன்.
மூன்று நொடி. பள்ளம் குன்றாயிற்று.
இரண்டையும் ஒன்றாக்கி ஒற்றை ஸ்பீக்கரில் விட்டேன்:
நேர் எதிரே நாகவேணி,
மாங்கூழ் ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வந்த தொண்டை,
"தாயே" என்று எடுக்கும்போது
"தா"வில் தட்டும் கரகரப்பு, எல்லாம் இருந்தது.
அறை பழைய அளவுக்குச் சுருங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நகக்கண்ணில் மஞ்சள்.
திருப்பிக் கேட்பாள் என்று
ஆயிரம் ரூபாயை மேசைமேல் வைத்திருந்தேன்.
ஹெட்போனில் முழுதும் கேட்டுவிட்டு
"நல்லாருக்கு" என்றாள்.
கழற்றவில்லை.
"அந்தப் பழசு இருக்கா, அழிச்சுட்டீங்களா?"

"இருக்கு. ஏன்?"

"அன்னிக்கு என்ன பண்றதுன்னு தெரியல மேடம்.
மாதப்பன் கையில இருந்த மைக்கைப் பிடுங்கி
அது மேலயே பாடிட்டேன்.
தட்டுல எழுநூறு விழுந்துச்சு.
பர்கூர்லயும் கூப்பிட்டிருக்காங்க."

நோட்டுகளை எடுத்து டிராயரில் போட்டேன்.

அவள் பென்டிரைவில் இப்போது இரண்டு கோப்பு.
"நாகவேணி சரி."
"நாகவேணி இல்லை."
இரண்டாவதை முதலில் வைக்கச் சொன்னாள்.