அடுப்பு அணைந்த நாள்

ஆறு மாதமாக அடுப்பின் மேல்தான் பழியைப் போட்டிருந்தேன்.
கழுத்தில் தொடங்கிக் காதுமடல் வரை ஏறும் தீக்கு
வேறு யாரைச் சொல்வது?
குத்தாயிசியில், ரியோனி ஆற்றுப் பாலத்துக்கு இரண்டு தெரு தள்ளி
எங்கள் ரொட்டிக் கடை.
ஆளை விழுங்கும் பானை போல ஒரு மண் அடுப்பு.
ஒரு நாளைக்கு முந்நூறு முறை
இடுப்பு வரை அதற்குள் கவிழ்ந்து
உட்சுவரில் மாவை அறைந்து நிமிர்கிறவளுக்கு
வியர்க்காமல் என்ன செய்யும்.

இதயத்துக்கு மட்டும் அந்தச் சாக்கு பொருந்தவில்லை.
இரவு மூன்று மணிக்கு, அடுப்பே தூங்கும்போது,
அது ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு
இரண்டைச் சேர்த்துக் கொடுத்தது,
சில்லறைக் கணக்குத் தெரியாத கடைக்காரன் மாதிரி.
மருத்துவர் மார்பில் கம்பிகளை ஒட்டி
காகிதத்தில் ஒரு மலைத்தொடர் எடுத்துக் கொடுத்தார்.
"குதிரை போல ஓடுகிறது, ருசுதான்" என்றார்.
அறுபது ரொட்டியின் விலை.

அப்புறம் நாக்கு எரிந்தது.
பல் மருத்துவர் பழைய அடைப்பு ஒன்றைப் பெயர்த்துப் புதிதாக வைத்தார்.
புதிய அடைப்போடும் எரிந்தது.

விசிலடித்ததற்காக பத்ரியின் மேல் மாவுக் கிண்ணத்தை வீசினேன்.
பாவம், பத்து வருடமாக அதே பாட்டைத்தான் விசிலடிக்கிறான்.

ஒரு விடியலில் நாதெலாவிடம் கேட்டேன்:
"அதை எடு... வெள்ளையாக... கடலிலிருந்து வருமே..."
சொல் போய்விட்டது.
கையை மட்டும் காற்றில் தூவிக் காட்டினேன்.
அவள் சர்க்கரையை நீட்டினாள்.
அன்று நாற்பது ரொட்டி உப்பில்லாமல் வெந்து
குப்பைக்குப் போனது.
ஐம்பதிலேயே வீட்டு வழி மறந்த என் அத்தையை நினைத்துக்கொண்டு
அந்த வாரம் தெருப் பெயர்களையெல்லாம்
வாய்க்குள் ஒப்பித்தபடி நடந்தேன்.

மாதக் கணக்கா?
பதினெட்டாம் நாள் வந்தது, பிறகு ஐம்பத்து மூன்றாம் நாள்.
அந்தப் பழியை மாவு மூட்டைக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரியில் எரிவாயுக் குழாய் உடைந்து
மூன்று நாள் அடுப்பு அணைந்தது.
பனி கொட்டிக்கொண்டிருந்தது.
த்ஸ்கால்தூபோ போகும் சிற்றுந்துக்காக நின்றேன்,
கம்பளிக் கோட்டு, இரண்டு சால்வை.
அப்போது ஏறியது அது.
அதே தீ. அதே பாதை.
அடுப்பு ஐந்து தெருவுக்கு அப்பால் சில்லிட்டுக் கிடக்கிறது,
எனக்கோ மூக்குக்கண்ணாடியில் ஆவி.
கோட்டைக் கழற்றினேன். சால்வைகளைக் கழற்றினேன்.
கழுத்தில் விழுந்த பனி அங்கேயே நீரானது.

பக்கத்தில் நின்ற பெண், முன்பின் தெரியாதவள்,
கைப்பையைத் திறந்து ஒரு விசிறியை எடுத்தாள்.
பிப்ரவரியில் விசிறி.
எனக்கும் தனக்கும் நடுவில் வீசிக்கொண்டே
"எத்தனை மாதமாக?" என்றாள்.

புது மருத்துவர், சின்னப் பெண்,
என்னை முழுதாகப் பேசவிட்டாள்.
தைராய்டு பார்த்தாள், சரி. இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு.
ஹார்மோன் எண்ணைக் கேட்டேன்.
"இன்று ஒன்று சொல்லும், அடுத்த வாரம் வேறு சொல்லும்.
உங்கள் வயதும் நாட்குறிப்பும் போதும்.
பெரிமெனோபாஸ்தான், பெரும்பாலும்."

பெரும்பாலும்.
அந்தச் சொல்லைத்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.
வலத் தோள் மட்டும் இன்னும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது:
அவள் எனக்குள் நடப்பதைச் சொல்கிறாள்,
நான் முந்நூறு முறை கவிழ்வதைச் சொல்கிறேன்.

எரிவாயு வந்துவிட்டது.
ரொட்டிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி எழுதுகிறேன்.
அடுப்பின் சூடு முகத்தில் தொடங்கும்,
என்னுடையது நெஞ்செலும்புக்குப் பின்னாலிருந்து.
இரண்டும் ஒன்றாக வந்தால்
நிமிர்ந்து, கதவைத் திறந்து, தெருவில் நிற்கிறேன்.

நேற்று அப்படி நின்று திரும்பியபோது
நாதெலா மாவிலிருந்து தலை தூக்காமலே கேட்டாள்,
அந்தச் சின்ன மருத்துவரின் அறை
எத்தனையாவது மாடி என்று.