ஓரத்தில் எழுதியது

நான்கு நாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள்.
மேசையில் நான்கு குட்டிக் கொடிகள்,
ஏ.சி. காற்றுக்கு ஒன்று மட்டும் ஆடியது.
நான் லாக் புத்தகத்தோடு கதவோரம் நின்றேன்.
டர்பைன் தளத்தில் இருபத்திரண்டு வருடம்,
மூன்று ஷிப்டும் பார்த்தவள்.
நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று.
அதில் இரண்டு குறைந்தாலும்
தூக்கத்தில் என் காது சொல்லிவிடும்.

நெய்வேலிக் கரி பழுப்பு. ஈரம்.
கையில் பிசைந்தால் மண்வாசம்.
எரிந்ததில் பாதி வானத்துக்கு,
மீதி மந்தாரக்குப்பத்துத் துணிக்கொடிக்கு.
அங்கே வெள்ளைச் சட்டை எடுப்பவன்
புதுமாப்பிள்ளை, இல்லை வெளியூர்க்காரன்.

மண்ணை அறுக்கும் ராட்சதச் சக்கரம் ஜெர்மனியில் செய்தது.
முதல் பாய்லர்கள் ரஷ்யாவிலிருந்து வந்தவை.
அப்போதும் கப்பலேறி வந்தது
நாடுகளின் நட்புதான்,
தோண்டச் சொல்லித்தர.
இப்போது வந்திருப்பதும் நட்புதான்.
தோண்டாமலிருக்க.

விஷயம் சிக்கலில்லை.
பகலில் சூரியத் தகடுகள் தருவதில்
ஊர் தின்றது போக மிஞ்சும் மின்சாரத்தைக்
கற்குவியலுக்குள் விடுவார்கள்.
அறுநூறு டிகிரி.
ராத்திரி அந்தக் கல் நீராவி கொடுக்கும்.
அடுப்பு மட்டும்தான் மாறுகிறது,
உலை அதேதான்.
யார் ஊட்டுகிறார்கள் என்று
டர்பைன் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஆனால் எந்தக் கல்?
அதற்கே மூன்று வருடம் போனது.
செஞ்சிப் பக்கத்து ஜல்லி
பதினேழாம் சூட்டில் வெடித்தது.
டென்மார்க்கில் அவர்கள் போட்ட எரிமலைக் கல்
இருநூற்று ஆறில்.
சிலியில் செம்பு உருக்கி ஒதுக்கிய கசடு
இன்னும் நிற்கிறது, பொருக்குத் தட்டியபடி.
இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்:
வெடித்த அன்றே
எல்லோரும் எல்லோருக்கும் சொன்னார்கள்,
படம் எடுத்து, எடை போட்டு,
எத்தனையாம் சூடு என்று தேதியோடு.
நான் வளர்ந்த தொழிலில்
வெடித்ததைத் தார்ப்பாய் போட்டு மூடுவோம்.
ஒப்பந்தம் என்று நான் நம்புவது
அந்தப் படங்களைத்தான்.
கொடிகளை அல்ல.

கையெழுத்துக்கு முன் ஒரு படிவம்.
எத்தனை டன் கரி மிச்சம்,
எத்தனை டன் புகை மிச்சம்,
கட்டம் கட்டமாக நிரப்பினார்கள்.
எண்களைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.
சரிபார்த்தேன். பிறகு கேட்டேன்:
"கொளஞ்சியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?"

மொழிபெயர்க்கப் பாண்டிச்சேரியிலிருந்து வந்த ழோஸ்லின்
என்னைப் பார்த்தாள், எங்கள் அதிகாரியைப் பார்த்தாள்.
கொளஞ்சி, விருத்தாம்பாள், செங்கேணி,
பெல்ட் ஓரம் சிந்திய கரியைக் கூடையில் அள்ளும்
ஒப்பந்தக் கூலிகள், முப்பத்தொரு பேர்.
(பெயருக்குத்தான் ஒப்பந்தம்.
அதில் அவர்கள் கையெழுத்து இல்லை.)
கொளஞ்சியின் அப்பா
முந்திரித் தோப்பைச் சுரங்கத்துக்குக் கொடுத்தவர்.
தோப்பு போனது, கரி வந்தது.
கரி போகிறது.
வருவது எது என்று
அவள் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை.

அதிகாரி இருமினார்.
ழோஸ்லின் சொல்லியே விட்டாள்.
டென்மார்க் பொறியாளர் பேனாவை மூடாமல்
பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.
கொ-ள-ஞ்-சி.
ளகரம் அவருக்கு வரவில்லை.
படிவத்தில் இடமில்லாததால்
ஓரத்தில் எழுதிக்கொண்டார்.
அதற்கு மேல் நடந்ததைச் சொல்ல முடியாது,
இன்னும் நடக்கவில்லை.

நேற்று ராத்திரி என் ஷிப்ட்.
இரண்டு நாற்பதுக்குக் கடைசி அடுப்பு அணைந்தது.
கல்லின் ஆவி குழாயில் ஏறும்போது
ஒரு கணம் சுருதி இறங்கியது,
என் காது எழுந்து உட்கார்ந்தது,
பிறகு மூவாயிரம்.
அழுத்தம் எழுதினேன், சூடு எழுதினேன்,
சுற்று எழுதினேன்.
வெளியே போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு
உள்ளே வந்தேன்.
ஒன்றுமில்லை என்று எழுத
லாக் புத்தகத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.