காலாவதி

மாதக் கடைசி வெள்ளி மருந்தலமாரியைக் கழிப்பது என் வேலை.
புட்டியைக் கவிழ்த்து அடியில் தேதி பார்ப்பேன்,
தாண்டியது சிவப்புத் தொட்டிக்கு.
பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

இன்று அதே மேசையில்
என் மதிப்பெண் பட்டியலை விரித்தேன்.
கரிம வேதியியல் ஒன்று, இரண்டு.
உயிர்வேதியியல். இயற்பியல்.
எல்லாம் பன்னிரண்டு பனிக்காலம் பழசு.

ஒரு கால்நடைக் கல்லூரி பத்து வருடம் வரை பொறுக்கும்.
இன்னொன்று ஆறு.
மாநில எல்லைக்கு அப்பால் ஒன்று
படித்தது படித்ததுதான் என்கிறது,
கட்டணம் மட்டும் இரு மடங்கு.

உண்ணி மருந்துப் பெட்டியின் முதுகில் கணக்குப் போட்டேன்.
மாலை வகுப்பு மைனாட்டில்,
ஹார்வியிலிருந்து போக வர நூற்றைம்பது மைல்,
சாலையைப் பனி மூடாத நாட்களில்.
வயது முப்பத்தாறு. வெளியே வரும்போது நாற்பத்திரண்டு.
"படிக்காவிட்டாலும் நாற்பத்திரண்டு வரத்தானே போகிறது" என்றான் யோரன்.
வரும்.
ஆனால் அது கடனோடு வராது.

டாக்டர் லோக்கனைக் கேட்டேன்.
தோள்வரை பசுவுக்குள் இருந்தபடி சொன்னார்:
"கரிம வேதியியலில் ஒரு வரி நினைவில்லை.
இதுவரை எந்தப் பசுவும் கேட்டதில்லை."

யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு.
பட்டியலிலேயே அழகான எழுத்து,
கரிம வேதியியல் இரண்டுக்கு நேரே நிற்கும் ஏ,
என்னுடையதல்ல. மேரிட் குவாலியுடையது.
ஆய்வகத்தில் அவள் எழுதுவாள், நான் குடுவை கழுவுவேன்.
அவள் விடைகள் என் கையெழுத்தில் போகும்.
தேர்வுக்கு முந்திய இரவு அவள் சொன்னதை விழுங்கி
காலையில் கக்கிவிட்டு
மதியம் சாண்ட்விச் தின்றேன்.
இயற்பியலில் இருக்கும் சி, அது முழுக்க நான்.
எல்லைக்கு அப்பாலும் அந்த சி-யைத்தான் திரும்பப் படிக்கச் சொல்கிறார்கள்.
ஏ-யை யாரும் சுரண்டிப் பார்க்கவில்லை.

சனி இரவு ஸ்டென்ஸ்ருட் தன் நாயைத் தூக்கி வந்தார்.
ஓஸ்லோ, நாலு வயது,
கொட்டகையில் ரேடியேட்டரிலிருந்து ஒழுகிய பச்சைத் தண்ணீரை
இனிப்பென்று நக்கியிருக்கிறது.
மாற்று மருந்து கையிருப்பில் இல்லை,
புயலில் யாரும் கொண்டுவரப் போவதுமில்லை.
"வீட்டில் வோட்கா இருக்கிறதா?" என்றார் டாக்டர்.
இருந்தது. எடை பார்த்து, அளவு கணக்கிட்டு,
கலந்து நரம்பில் ஏற்றினேன்.

நள்ளிரவில் ஓஸ்லோ கூண்டுக்குள் ஊளையிட்டுப் பாடியது.
"விஷத்துக்கு எப்படிச் சாராயம் மருந்தாகிறது?"
டாக்டர் கண்ணைக் கசக்கினார்.
"ஈரலில் ஏதோ நொதி. பந்தியில் முதலில் சாராயத்தை உட்கார வைத்துவிடுகிறோம்.
மற்றதற்கு இடமில்லை."
ஏதோ நொதி.
சொட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அளவு எனக்குத் தெரியும். வேகம் தெரியும்.
அந்த ஏதோ மட்டும்
கழுவித் திருப்பி வைத்த குடுவைபோல் காலியாக இருந்தது.

விடிய நான்கு மணிக்கு ஓஸ்லோ
தள்ளாடி எழுந்து என் காலணிமேல் சிறுநீர் கழித்தது.
சிறுநீரகம் பிழைத்துவிட்டது.
நாங்கள் இருவரும் கைதட்டினோம்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துகூடக் கழற்றாமல்
பழைய பாடநூலை எடுத்தேன்.
அந்த நொதி இருந்தது, அரைப் பக்கம்.
ஓரத்தில், அன்று வகுப்பில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதும் இருந்தது:
பென்சிலில் ஒரு குதிரை, பிடரி பறக்க.
பின்னங்கால் மூட்டு தவறாக மடிந்திருக்கிறது.
அன்று தெரியவில்லை.

திங்கட்கிழமை விண்ணப்பம் நிரப்பினேன்.
கரிம வேதியியல் இரண்டு, மாலை ஆறரை.
திரும்பப் படிக்கும் காரணம்?
குறைந்த மதிப்பெண். காலாவதி. மற்றவை.
மற்றவை என்று குறித்தேன்.
விளக்கம் கேட்ட கட்டத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு
வெறுமையாக அனுப்பினேன்.
இயற்பியலைப் பற்றி இன்னும் முடிவில்லை.

பதில் வந்தது:
இடமில்லை, காத்திருப்போர் பட்டியலில் ஏழாவது.
குளிர்கால டயருக்கு விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.