மற்ற அறை

இடது காதில் பாதிதான் கேட்கும் எனக்கு.
கைப்பேசியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால்
பதினைந்தாம் படியில் கதவைச் சாத்திவிடும்:
இதற்கு மேல் உன் காதுக்கு ஆகாது.
சொன்னது யார்?
என் காதை ஒருநாளும் பார்த்திராத
ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஓர் அலுவலகம்.

அதனால் மார்ச் மாதம் பூட்டைத் திறந்தேன்.
படங்கள், அலாரங்கள், பாதி எழுதிய கடிதம்
எல்லாம் அழிந்தன. அது நுழைவுக் கட்டணம்.
வேர் என்கிறார்கள் இதை.
மண் கேட்காத வேர்,
பதினோராம் மாடியில் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து கண்விழிக்கும் போதெல்லாம்
கைப்பேசி ஆரஞ்சு எழுத்தில் முறையிடுகிறது:
இந்தக் கருவியை நம்ப முடியாது.
ஐந்து விநாடி வசவு, பிறகு வழக்கம்போல் வேலை.
வங்கிச் செயலி மட்டும் என்னைக் கண்டால்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
மின்கட்டணம் கட்ட வரிசையில் நிற்கிறேன்,
ஓய்வூதியக்காரர்களுக்கு நடுவே.

க்ல்தானியில் எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள்
ஓர் உண்டியல் உண்டு.
இருபது தெத்ரி விழுந்தால்தான் ஏறும்.
ஐந்தாம் மாடி பெசிக் ஒரு கம்பித்துண்டால்
அதை ஏமாற்றக் கற்றான்.
ஒரே வாரத்தில் பதினாறு மாடியும் கற்றது.
உண்டியலைக் காலி செய்ய வந்த ஊச்சா
சாவியைத் திருப்பினார், உள்ளே பார்த்தார்,
இரண்டு சட்டைப் பொத்தானும்
ஒற்றை நாணயமும் எடுத்தார்.
ஒன்றும் பேசவில்லை.
உச்சிக்குப் படியேறிப் போய்
கயிற்றுக்கு மசகு போட்டுவிட்டு இறங்கினார்.
அன்றிரவு கையில் கம்பி இருந்தும்
நான் காசு போட்டேன். ஏனென்று
எனக்கே விளங்கவில்லை.

நேற்று அக்டோபர் திருத்தம் வந்தது.
முப்பத்தேழு ஓட்டைகளை அடைக்கிறோம் என்றது.
பூட்டை உடைத்தவளுக்கும்
கூரை ஒழுகக் கூடாதில்லையா?
தொட்டேன். பாதியில் நின்றது.
ஓர் எழுத்து மாறியிருந்தாலும்
உள்ளே வரமாட்டார்களாம்.

வேரைப் பிடுங்கினேன்.
மார்ச்சிலேயே எடுத்துவைத்திருந்த அசல் தொடக்கத்தை
அதனிடத்தில் தையல் தெரியாமல் வைத்தேன்.
சேமிப்பில் இப்போது நான் ஒரு பாவமும் அறியாதவள்.
நினைவில் மட்டும் வேர் ஓடிக்கொண்டிருக்கிறது,
ஒருமுறை கண்மூடினால் அதுவும் இல்லை.

இந்தப் பேசிக்குள் இரண்டு அறைகள்.
ஒன்றில் நான் குடியிருக்க
மற்றதில் அவர்கள் சத்தமில்லாமல்
சுண்ணாம்பு அடிக்கிறார்கள்.
நாற்பது நிமிடம் அடித்தார்கள்.
அடுப்பில் லோபியோ தீய்ந்ததை
மூக்குதான் வந்து சொன்னது.

முடித்துவிட்டுக் கேட்டார்கள்:
மறுதொடக்கம் இப்போதே செய்யலாமா?
இப்போதே என்பது பெரிய பச்சைப் பொத்தான்,
கட்டைவிரல் தூங்கி விழும் இடத்தில்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன் முதலில்.
பிறகு பின்சுவர் ஏறிக் குதித்து
வெள்ளை உலராத அந்த அறையில்
யாரும் பால் காய்ச்சுமுன்
என் வேரை ஊன்றினேன்.
அதற்கப்புறம்தான் அணைத்தேன்.

கறுப்பு.
லிஃப்ட் எங்கோ இரண்டு மாடிகளுக்கு நடுவே
இருமி நின்றது.
இன்னும் கறுப்பு.
ஓர் அதிர்வு. ஆரஞ்சு:
இந்தக் கருவியை நம்ப முடியாது.
அப்பாடா.

அக்டோபர் தேதி போட்டிருக்கிறது.
முப்பத்தேழும் அடைபட்டுவிட்டன.
முப்பத்தெட்டாவது என்னுடையது,
திறந்தே இருக்கிறது.

மாலையிலிருந்து காத்திருந்தது
பத்தூமியிலிருந்து ஏத்தெரியின் குரல்.
மாண்டரின் இந்த வருடம் சிறுத்துவிட்டதாம்,
மருமகன் மறுபடி வேலையை விட்டானாம்.
பதினைந்தாம் படியில் அவ்வளவுதான் கேட்டது.
பதினாறு. பதினேழு.
பதினெட்டில்
அவளுக்குப் பின்னால், தகரத்தின்மேல்,
மழை.