அழுக்கு ஏறும், வெள்ளை இறங்கும்

கிண்ணியாவில் ஜவாஹிரின் பட்டறை வாசலில்
சாக்கை விரித்து மூன்று எஞ்சின் கிடத்தியிருந்தான்,
ஏலத்துக்கு வந்த பாரைமீன்கள் மாதிரி.
"செவுளைத் தூக்கிப் பாருங்க, ஜெசிந்தாக்கா."
பார்த்தேன்.
மூன்றிலும் கறுப்பு.

வாரம் ஐந்து லீற்றர்.
அந்த வருஷம் என் கைபேசிக்குள்
கட்டம் கட்டமான ஒரு கோலத்தில்
அரசாங்கம் அடைத்துத் தந்தது அவ்வளவுதான்.
உப்புவெளியில் நாலு விடுதி.
விரிப்பு, துவாய், தலையணை உறை எல்லாம்
ஓர்ஸ் ஹில் உச்சியில் என் கிணற்றடிக்கு வரவேணும்,
வெளுத்துப் போகவேணும்.
ஒருதரம் போய்வரப் பதினொரு கிலோமீற்றர்,
நாளுக்கு இருதரம், ஞாயிறு ஒருதரம்.
சவர்க்காரப் பெட்டியின் பின்பக்கத்தில் பெருக்கினேன்:
நூற்று நாற்பத்து மூன்று.
ஐந்தால் பிரித்தால் வருகிற எண்ணை
எந்த எஞ்சினும் என் முகத்துக்காகக் குறைக்காது.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தாங்கியைத் துடைத்து
அரை லீற்றர் அளந்து ஊற்றினோம்.
பெட்டிக்குள் நாற்பது விரிப்பு.
எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் வாக்குமூலம்.

ஆட்டோவில் கழற்றிய டூ ஸ்ரோக்
சாம்பல்தீவுப் பாலம் தாண்டி
வெள்ளரிப்பழம் விற்கிறவளின் குடைக்கு முன்னால்
இருமி, இருமி, நின்றது.
கணக்குப்படி வெள்ளி இரவோடு என் வாரம் முடியும்.
அதுகூடப் பரவாயில்லை.
விடுதி முகாமையாளர் ஒரு விரிப்பை முகர்ந்துவிட்டு
"இதில் ஆர் படுத்தது, மெக்கானிக்கா?" என்றார்.
நாற்பதும் திரும்பி வந்தது.

வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி இறைத்த டீசல்
இறக்கக்கண்டிப் பாலம் மட்டும் போனது.
அங்கே போய்ச் சேர்ந்ததை
என் பல்லெல்லாம் தனித்தனியாய்ச் சொல்லும்.
பெட்டியைத் திறந்தேன்.
வெள்ளையில் புள்ளி புள்ளியாய்க் கரி,
எறும்பு எழுதிப் பழகின மாதிரி.

மூன்றாவது நூறு சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின்.
சத்தமில்லை. மணமில்லை.
இறக்கக்கண்டிக்கு ஒரு கட்டை முன்னால்
ஒரு வார்த்தை பேசாமல் அணைந்தது.
இதுதான் என்றேன்.
"மலை இருக்கே, அக்கா."

மலை இருந்தது.
வெள்ளை இறங்குகிற வழி அது,
ஏறுவது அழுக்கு:
ஈரத் துவாய், வியர்வை,
யாரோ கடலில் குளித்துவிட்டு
உதறாமல் படுத்த மணல்.
மணலுக்கும் நிறை உண்டென்று
முதல் வளைவில் எஞ்சின் சொன்னது.
இறங்கித் தள்ளினேன்.
கந்தோருக்குப் போகிறவர்கள் ஒதுங்கி நின்று
புத்தி சொன்னார்கள், ஆளுக்கொன்று.

ஜவாஹிர் எஞ்சினைத் தொடவில்லை.
பின்பக்கப் பற்சில்லைக் கழற்றி
முப்பத்தெட்டுப் பல்லிருந்த இடத்தில்
ஐம்பது பல் பூட்டினான்.
இனி சமதரையில் சைக்கிள்காரன் முந்துவான்.
முந்தட்டும்.
லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் குறைந்தது,
கணக்கு இன்னும் தாங்கியது.
அடுத்தநாள் அழுக்கெல்லாம் முனகிக்கொண்டே
ஏறி வந்து சேர்ந்தது.

காசு கொடுத்துவிட்டு வந்த மாலை
சீனக்குடாவில் மரங்களுக்குள் நின்றன
வெள்ளைக்காரன் சண்டைக்குக் கட்டின எண்ணெய்த் தாங்கிகள்.
உலகத்தையே ஓட்ட நினைத்த பானைகள்.
ஒன்றின் அடி ஈரத்தை வழித்துத் தந்தால்
என் ஆயுளுக்குக் காணும்.
கேட்க ஆளில்லை. வேலியில்
ஒரு குரங்கு பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது வெளுத்ததை ஏற்றிக்கொண்டு
உச்சியில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவேன்.
ஒரு துளி செலவில்லை.
நாற்பது விரிப்பும் நானும்
காற்றின் சத்தத்தோடு இறங்குகிறோம்,
கீழே குடா அகலமாகிக்கொண்டே வர.

ஜவாஹிருக்குப் பிடிக்கவில்லை.
தேய்ந்த பிரேக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
மிச்சம் பிடித்த பெற்றோல் எவ்வளவு,
இது எவ்வளவு என்று
அதே சவர்க்காரப் பெட்டியில்
கூட்டிக் காட்டுகிறான்.